குப்பை நாற்றத்தைத் தாண்டினால் வழுக்கியாறு

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், பிறகு வழி சொல்கிறேன். யாழ்ப்பாண நகரத்திலிருந்து காலாற நடந்து கிராமத்துக்குப் போவதற்கு இதைவிட நல்ல பாதை இல்லை. முதலில் கடல்நீரேரி, அதற்குப் பிறகு குடாநாட்டின் ஒரே ஆறு, ஆற்றின் இரு கரையிலும் வயல். ஆனால் நகரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கிற கல்லுண்டாய் வெளியில்தான் நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். காற்று நம் பக்கம் திரும்பினால் கைக்குட்டை ஒன்றுக்கும் உதவாது. நாங்களாவது மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோய்விட்டோம். அந்த வெளியில் வீடு கட்டிக் குடியிருக்கிற சனம் அங்கேயேதான் சமைத்துச் சாப்பிடுகிறது.

சரி, இனி நடை.

வழுக்கியாற்றைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தாரே சிரிக்கிறார்கள். "அது ஆறோ? வாய்க்கால்!" சிரிக்கட்டும். இது சுண்ணக்கல் நிலம். பெய்கிற மழையில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போய்விடும், அதனால் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இங்கே கிடையாது. இது மட்டும் மாரி மழையோடு உயிர் பெற்று, தெல்லிப்பழைப் பக்கமிருந்து அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை, நவாலி வயல்களூடாக ஏறக்குறைய 16 கிலோமீற்றர் வந்து அராலியில் நீரேரிக்குள் விழுகிறது. வெயில் காலத்தில் போனால் மாடு மேய்கிற தரவையைத்தான் பார்ப்பீர்கள். நாங்கள் தைப்பொங்கல் முடிந்த கையோடு போனதால் தண்ணீர் இருந்தது. கோட்டையிலிருந்து கடலோரமாக அராலி, அங்கிருந்து ஆற்றை எதிர்த்துக் கந்தரோடை என்பது திட்டம். தூரம் 17, 18 கிலோமீற்றர் வரும். கூட வந்தவன் மானிப்பாய்க்கார மச்சான். ஊரில் பிறந்து வளர்ந்தவன், இந்த ஆற்றங்கரையில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

கோட்டையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், போரில் இடிந்தது, அவ்வளவு போதும். மதிலைப் பார்த்துக்கொண்டு ஒரு பிளேன் ரீ குடித்துவிட்டு நாவாந்துறைப் பக்கம் திரும்பிவிட்டோம்.

காக்கைதீவு மீன் சந்தையில்தான் மச்சானை நகர்த்த முடியவில்லை. நண்டு உயிரோடு காலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. விலையும் கொழும்போடு பார்த்தால் பாதி. "ஒரு கிலோ வாங்குவம்" என்று நிற்கிறான். வாங்கி? அதைத் தூக்கிக்கொண்டு கந்தரோடை வரை நடப்பதா? ஒருவழியாக இழுத்துக்கொண்டு வந்தேன். நீரேரியில் இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நடந்துபோய்க் களங்கட்டியில் (தடி நட்டு வலை கட்டி மீனை அடைக்கிற பொறி) மீன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பூநாரை வரும் என்று மச்சான் சத்தியம் செய்தான். வந்தவை கொக்கும் நீர்க்காகமும்.

வலப்பக்கம் உள்ளே ஆனைக்கோட்டை. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது ஈமக்குழியொன்றில் பிராமி எழுத்துள்ள ஒரு சிறு முத்திரை கிடைத்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே சனம் இந்த நீரோரத்தில் குடியிருந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? இப்போது அதே நீரோரத்தில் குப்பை கொட்டுகிறோம். மறுபடி கோபம் வருகிறது, விட்டுவிடுகிறேன்.

கல்லுண்டாய் வெளியில் ஒரு மரமில்லை. உப்புத்தரை, நேர் வீதி, உச்சியில் வெயில். கரையில் நடக்க இடமும் இல்லை, வாகனங்கள் காதுக்குப் பக்கத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். முழுப் பாதையையும் நடந்தேன் என்று பெருமைப்படத் தேவையில்லாதவர்கள் நகரத்திலேயே அராலிப் பக்கம் போகிற பஸ் ஏறிப் பாலத்தில் இறங்குங்கள். நான் நடந்ததற்குக் காரணம் பிடிவாதம் மட்டும்தான்.

அராலிப் பாலத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. ஆறு கடலோடு சேருகிற இடத்தில் தடுப்பணை போட்டிருக்கிறார்கள். கதவுகளுக்கு உள்பக்கம் ஆற்றுத் தண்ணீர், தேத்தண்ணி நிறம், அசைவே இல்லை. வெளிப்பக்கம் நீரேரி, சாம்பல் நிறம், சின்னச் சின்ன அலை. நடுவில் ஒரு சீமெந்துச் சுவர்தான். வெள்ளம் வந்தால் கதவைத் திறந்து விடுவார்கள், மற்ற நேரம் உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறாமல் இது காக்கும். கூடவே நன்னீரைத் தேக்கி வைப்பதால் சுற்றிலுமுள்ள கிணறுகளுக்கும் பிழைப்பு. சுவரில் குந்தியிருந்த இரண்டு பொடியன்களில் ஒருவன் உள்பக்கம் தூண்டில் போட்டிருந்தான், மற்றவன் வெளிப்பக்கம். முதலாமவனின் வாளியில் ஜப்பான் மீன் (திலாப்பியா) ஐந்தாறு. மற்றவனின் வாளியில் ஒன்றுமில்லை. "இவன் ஒவ்வொரு நாளும் கடல் பக்கம்தான் அண்ணை போடுவான், சொன்னாக் கேக்கமாட்டான்" என்று முறைப்பாடு வேறு.

இனிச் சாப்பாடு. இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். வட்டுக்கோட்டைப் பக்கமாகக் கொஞ்சம் ஏறினால் வீதியோரமாகத் தகரம் போட்ட ஒரு சின்னக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. ஓர் அம்மா சமைக்கிறார், மகள் பரிமாறுகிறார். சிவப்புக் குத்தரிசிச் சோறு, ஓரா மீன் குழம்பு, முருங்கைக்காய்ப் பிரட்டல், கீரை, பொரித்த மோர்மிளகாய். குழம்பில் பழப்புளி தூக்கலாக, உறைப்பு காதில் ஏறுகிற அளவுக்கு. கடைசியில் சொதியை ஊற்றி, அதில் தேசிக்காய் பிழிந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டோ தம்பி?" என்று அந்த அம்மா கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் முறை சோற்றுக்குக் காசில்லை. ஆளுக்கு 450 ரூபா. நகரத்தில் விடுதிகளுக்குப் பக்கத்தில் இதைவிட மூன்று மடங்கு கொடுத்து, ஆறிப்போன சோற்றைத் தின்று வந்தவன் நான். மச்சான் நண்டை மறந்தேவிட்டான்.

சாப்பிட்ட பிறகு நடப்பதுதான் கொடுமை. வரம்பும் கட்டும் மாறி மாறி வருகின்றன, பாதை என்று ஒன்று போட்டு வைக்கவில்லை. சில இடத்தில் ஆறு பத்தடி அகலம், சில இடத்தில் வயலும் ஆறும் ஒன்றாகப் பரந்து கிடக்கிறது. நெல் முற்றிச் சாய்ந்திருந்தது, கரையில் பனை வரிசை. மதகு ஒன்றில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கை தம்பியவை போறியள்?"

"ஆற்றைப் பாத்து நடக்கிறம் ஐயா."

"கார்த்தியேலை வந்திருக்கோணும். உந்தக் கட்டுக்கு மேலாலை பாஞ்சது. இனி மாசி, பங்குனிக்கை காஞ்சிடும்." சொல்லிவிட்டு, "ஆற்றுக்கை பொலித்தீன் போடாமல் போனால் காணும்" என்றார். நாங்கள் போடவில்லை. முன்னால் வந்தவர்கள் நிறையவே போட்டிருக்கிறார்கள்.

ஆற்றை விட்டுக் கிழக்கே ஒதுங்கி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்துக்கும் போய் வந்தோம். 1995 ஜூலை 9 அன்று, இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்த சனத்தின் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்த இடம். மச்சானின் உறவுக்காரர் ஒருவரும் அதில் போனவர். அவன் உள்ளே போனான், நான் வெளியே நின்றேன்.

சண்டிலிப்பாய் வரை குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை, கால் வலியைத் தவிர.

கந்தரோடை வேறு கதை. பனைகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்த பானைகள் மாதிரிச் சின்னச் சின்னப் பௌத்தக் கல் தூபிகள், சில என் இடுப்பு உயரம்கூட இல்லை. 1917இல் வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் இங்கே தோண்டத் தொடங்கினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு வந்து தோண்டியபோது, தென்னிந்தியாவில் கிடைப்பது போன்ற கறுப்பு-சிவப்பு மட்பாண்டம் அடியில் கிடைத்தது. தமிழர் பௌத்தமா, சிங்களப் பௌத்தமா என்று இந்தக் கற்களை வைத்து இன்றும் சண்டை நடக்கிறது. எனக்கு வேறொன்று தோன்றியது. ஆனைக்கோட்டை இருப்பது ஆறு விழுகிற பக்கம், கந்தரோடை இருப்பது ஆற்றின் மேல்பக்கம். நாங்கள் ஒரு பகல் முழுக்க நடந்தது பழைய சனத்தின் வழியாக இருக்குமோ? இது என் ஊகம்தான், ஆராய்ச்சியில்லை.

அங்கிருந்து சுன்னாகம் இரண்டு கிலோமீற்றர் அளவுதான். ஓட்டோக்கார அண்ணை 800 ரூபா கேட்டார். மீற்றர் போடச் சொன்னால் "வேலை செய்யாது". என் சப்பாத்தையும் முதுகுப் பையையும் பார்த்து, "தம்பி வெளிநாடோ?" என்றார். வவுனியா என்றேன். "அப்ப 700 தாங்கோ." வெளிநாட்டுக்காரனுக்கும் வவுனியாக்காரனுக்கும் நூறு ரூபாதான் வித்தியாசமாம்! கொப்புளம் போட்ட காலோடு நடந்தே போனோம்.

காங்கேசன்துறைப் பாதை 2015இல் மறுபடி திறந்ததிலிருந்து சுன்னாகத்தில் ரயில் நிற்கிறது, ஆனால் எங்களுக்கு நேரம் சரிவரவில்லை. கிடைத்தது ஒரு தனியார் பஸ். ஆள் ஏறும் வரை நகராது, நகர்ந்தால் பிரேக் பிடிக்காது. பாட்டுச் சத்தத்தில் பக்கத்திலிருந்தவன் பேசுவது கேட்கவில்லை. ஆனால் நூறு ரூபாவுக்குள் நகரத்தில் இறக்கிவிட்டான், அதனால் திட்டவும் மனம் வரவில்லை.

ஆளுக்குச் செலவு தேத்தண்ணி, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தொடவில்லை. அந்தச் சாப்பாட்டுக் கடையை விட்டால் அராலிக்கும் சண்டிலிப்பாய்க்கும் நடுவே கடை தேடி அலைய வேண்டாம், ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். தொப்பி கட்டாயம். கார்த்திகையில் போகிறவர்கள் சப்பாத்தை வீட்டில் விட்டுவிட்டுச் செருப்போடு போங்கள், வரம்பில் ஏறினால் அதையும் கழற்றிக் கையில்தான் பிடிக்க வேண்டிவரும்.