பிர்ரருங் மார்: சக்கர நாற்காலியோடு போக ஓர் ஆற்றங்கரை

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து இறங்கியதும் மெல்பன் தமிழ்க் குடும்பங்கள் போடும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: கிரேட் ஓஷன் ரோடு, பஃபிங் பில்லி ரயில், கரம் டவுன்ஸ் கோயில். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இதில் பாதி நேரம் காருக்குள்ளேயே போய்விடும். நகரத்தின் நடுவிலேயே, டிக்கெட் இல்லாமல், இந்த மண் யாருடையது என்று சொல்லும் ஓர் ஆற்றங்கரை இருக்கிறது. ஃபெடரேஷன் சதுக்கத்தை ஒட்டி யாரா ஆற்றோரம், 2002இல் திறந்த பிர்ரருங் மார் பூங்கா. இந்த மண்ணின் ஆதிக்குடிகளான வுருண்ட்ஜெரி மக்களுக்கு இந்த ஆறு பிர்ரருங்.

முதலில் போய்ச் சேரும் வழி. புறநகர் ரயிலில் சக்கர நாற்காலி ஏற வேண்டுமானால் நடைமேடையின் முன்முனையில், ஓட்டுநர் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் காத்திருக்க வேண்டும். ஓட்டுநர் இறங்கி வந்து சரிவுப் பலகை போடுவார். இறங்கும் நிலையத்தை அப்போதே சொல்லிவிடுங்கள். நடுப் பெட்டிக்கு எதிரே நின்றால் அவர் கண்ணில் படமாட்டீர்கள், ரயில் போய்விடும். வாடகைக்குச் சக்கர நாற்காலி தேவையென்றால் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் நிலையத்திலுள்ள, பயணிகளுக்கு உதவும் டிராவலர்ஸ் எய்ட் அமைப்பில் கேட்கலாம். நகர நடுவில் டிராம் இலவசம்தான், ஆனால் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் 35ஆம் எண் பழைய டிராமில் உயரமான படிகள். தாழ்தள டிராம் வரும்வரை பொறுத்திருங்கள்.

ஃபெடரேஷன் சதுக்கத்தின் தரை கிம்பர்லி மணற்கல் பதித்தது. பார்க்க அழகு, தள்ள நரகம். நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் கல் இடுக்கில் சிக்கித் திரும்பிக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவரின் உடம்பு முன்னால் சாயும். அந்த இடத்தை நாற்காலியைப் பின்னோக்கி இழுத்துக் கடப்பதே மேல். பெரிய சக்கரம் முதலில் ஏறிவிடும். கழிப்பறை வேலையைச் சதுக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சரிவுப் பாதைகளுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கணக்கு உண்டு. 14 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம் என்பதுதான் சாய்தளத்தின் உச்ச வரம்பு. அந்தச் சரிவில் 9 மீட்டருக்குள் ஒரு சமதளம் வர வேண்டும். சரிவு 20க்கு 1 என்று குறைந்தால் 15 மீட்டருக்கு ஒன்று போதும். தள்ளுபவருக்கும் வயதாகிவிட்டிருந்தால் அந்தச் சமதளங்களில் பிரேக் போட்டு நிற்பதில் கூச்சமே வேண்டாம். பூங்காவின் சரளைப் பாதைகள் மழைக்குப் பிறகு இளகும். ஆற்றை ஒட்டிய பாதை சைக்கிள்காரர்களுக்கும் பொது. இடப்பக்கமே போங்கள், படம் எடுக்கக் குறுக்கே நிற்காதீர்கள்.

இங்கே பார்க்க வேண்டியதில் பாதி தரையில் இருக்கிறது. தலையை நிமிர்த்தி 39 மணிகள் கொண்ட ஃபெடரேஷன் பெல்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பிர்ரருங் விலாம் என்ற கலைப்படைப்பைத் தவறவிடுவார்கள். விக்கி கசன்ஸ், லீ டாரக், ட்ரியானா ஹாம் உள்ளிட்ட ஆதிக்குடிக் கலைஞர்கள் உருவாக்கியது. விலாங்கு மீனை நினைவூட்டி வளைந்து செல்லும் சொரசொரப்பான பாதை, விலங்குகள் செதுக்கிய பாறைகள், அரைவட்டமாக நிற்கும் ஐந்து உலோகக் கேடயங்கள். வோய்வுருங், பூன்வுருங், வாதவுருங், டாங்குருங், ஜாஜாவுருங் என்ற ஐந்து குலின் மக்களுக்கும் ஆளுக்கொரு கேடயம். அந்தச் சொரசொரப்பு நாற்காலியைக் குலுக்கும். ஓரமாகத் தள்ளிக்கொண்டே பார்க்கலாம். பாறைகளில் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்க வேண்டாம்.

விலாங்குக்கு ஏன் இத்தனை இடம்? ஆற்றங்கரையில் தங்கிய மக்களுக்கு அது முக்கிய உணவு. முட்டையிடுவதற்காக இங்கிருந்து பவளக் கடல் வரை நீந்திப்போகும் மீன் அது. வுருண்ட்ஜெரி நாட்காட்டியில் மார்ச் மாதமே விலாங்குப் பருவம்தான். சற்றுக் கீழே, இன்றைய குயின்ஸ் பாலம் இருக்கும் இடத்தில், ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாறைத் தடுப்பு இருந்தது. அதற்குக் கீழே உவர்நீர், மேலே நன்னீர். அந்த நன்னீரை நம்பித்தான் குடியேறிகள் நகரத்தை இங்கே வைத்தார்கள். பிறகு 1880களில் கப்பலுக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது பூங்காவையும் தாண்டி மேலே உப்பு ஏறுகிறது.

கிழக்கு முனையில் வில்லியம் பராக் பாலம், 525 மீட்டர், எம்.சி.ஜி. கிரிக்கெட் மைதானத்துப் பக்கம் இட்டுச் செல்லும். 1835இல் ஜான் பேட்மன் என்ற குடியேறி ஆதிக்குடிகளிடம் ஆறு லட்சம் ஏக்கரைப் போர்வை, கத்தி, கண்ணாடிகளுக்கு ‘வாங்கிய’ போது சிறுவனாக அங்கே இருந்தவர் வுருண்ட்ஜெரித் தலைவர் பராக். பின்னாளில் ஆதிக்குடிகள் வாழ்ந்த கொரண்டர்க் குடியிருப்பை மூடவிடாமல் தடுக்க மெல்பன் வரை நடந்தே வந்து முறையிட்டவர். திரும்பும் தூரத்தையும் கணக்கில் வைத்தே பாலத்தில் ஏறுங்கள்.

ஜனவரியில் டென்னிஸ் கூட்டம், மார்ச்சில் மூம்பா விழா. அந்நாட்களில் வேலி போட்டுப் பாதையை மாற்றிவிடுவார்கள். ஆற்றுக் காற்றுக்குக் குடை நிற்காது. மடியில் ஒரு போர்வை இருக்கட்டும்.

ஃபெடரேஷன் சதுக்கத்திலுள்ள ஆதிக்குடிப் பண்பாட்டு அமைப்பான கூரி ஹெரிடேஜ் டிரஸ்ட், வழிகாட்டியோடு இந்தக் கரையில் நடை நடத்துகிறது. பலகைகளைப் படித்துப் போவதைவிட இதுவே மேல். பதிவு செய்யும்போதே சக்கர நாற்காலி என்று சொல்லிவிடுங்கள். வழிகாட்டி வெள்ளைத் தோலோடு வந்தால், “இவர் உண்மையிலேயே ஆதிக்குடியா, எத்தனை சதவீதம்?” என்று கேட்க வேண்டாம், தமிழில் முணுமுணுக்கவும் வேண்டாம். சுமார் 1970 வரை, ஆதிக்குடிப் பிள்ளைகளை, குறிப்பாகக் கலப்புப் பிள்ளைகளை, அரசே குடும்பங்களிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன நாடு இது. 2008 பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது அதற்குத்தான். உங்கள் குடும்பம் எந்தப் பகுதி, எந்த மொழி என்று கேளுங்கள். அதைச் சொல்வதில் அவர்களுக்குப் பெருமை.