இரண்டு பால்மாப் பேணிகளும் கடற்காற்றும்

மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். "பகலில் நிலம் விரைவாகச் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும், அதனால் கடற்காற்று வீசும்" என்று மனனம் செய்துகொண்டிருந்தாள். வெள்ளவத்தையில், அலை இரைவது கேட்கும் வீட்டில் இருந்துகொண்டு இதை மனனம் செய்யவிட எனக்கு மனம் வரவில்லை. ஏப்ரல் முற்பகுதி வேறு. சூரியன் கொழும்புக்கு உச்சம் கொடுக்கும் நாட்கள்.

சனிக்கிழமை மொட்டைமாடியில் இரண்டு பால்மாப் பேணிகளை வைத்தோம். ஒன்றில் ஒரு கிலோ உலர்ந்த மணல், மற்றதில் ஒரு லீற்றர் தண்ணீர். பதினொரு மணிக்கு இரண்டும் 30 பாகை செல்சியஸ். பன்னிரண்டரைக்குப் பார்த்தால் தண்ணீர் 35, மணல் 33!

"புத்தகத்தில் இருப்பது பிழையா, அப்பா?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவளே மணலில் விரலை வைத்து, சுட்டதும் வெடுக்கென்று எடுத்தாள். அப்போதுதான் விளங்கியது: வெப்பமானியைப் பேணியின் அடிவரை செருகியிருந்தேன். குமிழ் மட்டும் மறையும்படி மேலே புதைத்ததும் 47 காட்டியது.

அந்தப் பிழையை நான் பெரிய லாபமாக நினைக்கிறேன். ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 4200 யூல் வேண்டும், மணலுக்கு 800 அளவில் போதும் என்ற தன்வெப்பக் கொள்ளளவுக் கணக்கை அவள் ஏற்கெனவே அறிவாள். ஆனால் காய்ந்த மணல் வெப்பத்தை எளிதில் கீழே கடத்தாது. வாங்கியதை மேல்தோலிலேயே வைத்திருக்கிறது. கடலிலோ ஒளி ஆழத்துக்கு இறங்குகிறது, அலை நீரைக் கலக்கிவிடுகிறது. காற்றைச் சூடாக்குவது அந்த மேல்தோல்தான். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும்.

சூடான காற்று மேலெழ, குளிர்ந்த காற்று அதன் இடத்துக்கு வரும் மேற்காவுகையைக் கண்ணால் காண, பழைய மீன்தொட்டியின் ஒரு பக்கத்தில் அடுப்பில் வறுத்த மணல் தட்டும் மறுபக்கத்தில் பனிக்கட்டித் தட்டும் வைத்தோம். நடுவில் நுளம்புத்திரி. மின்விசிறி ஓடியதால் முதல் தடவை புகை சிதறிவிட்டது. விசிறியை நிறுத்திக் கண்ணாடியால் மூடினோம். புகை தரையோடு தரையாக மணல் பக்கம் ஊர்ந்தது. மணலை எட்டியதும் நிமிர்ந்து எழுந்து, மூடியில் முட்டி, பனிக்கட்டிப் பக்கம் திரும்பிக் கீழே வழிந்தது. மகள் மூச்சைக்கூட மெல்ல விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு தடியில் நாடா கட்டிக் கடற்கரைக்குப் போனோம். காலை ஏழு மணிக்கு நாடா கடலை நோக்கி மெல்ல அசைந்தது. ஒன்பதரைக்குத் துவண்டு தொங்கியது. பத்தேகாலுக்கு ஓர் உதறல்; பிறகு நிலத்தை நோக்கி, ரயில் பாதைப் பக்கம் நீண்டு பறக்கத் தொடங்கியது. நேரத்தை அவள்தான் குறித்தாள்.

இரவு அளவுகள் இன்னும் பாக்கி. மே மாதத்தில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காற்று தொடங்கிவிட்டால் இரவிலும் பகலிலும் கடல் பக்கமிருந்தே வீசும், நாடா திரும்பாது. அதற்குள் இரண்டு இரவாவது மொட்டைமாடியில் விழித்திருக்க வேண்டும்.