சாப்பிட்டால்தான் வலி: அம்மாவின் குடல் ரத்தக்குழாய் அடைப்பு

எந்த மருத்துவரிடம் போனாலும் அம்மாவின் சீட்டில் 'பசியின்மை' என்றே எழுதினார்கள். அம்மாவுக்குப் பசி நன்றாகவே இருந்தது. சாப்பிடத்தான் பயம். ஓர் இட்லியை நான்காகப் பிய்த்து, ஒரு துண்டை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு தட்டைத் தள்ளிவிடுவார். அதற்கு மேல் சாப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் தொப்புளைச் சுற்றி வலி பிடித்துக்கொள்ளும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் சுருண்டு கிடப்பார். பிறகு தானாக அடங்கிவிடும். 58 கிலோ இருந்தவர் 44 கிலோவுக்கு இறங்கிவிட்டார்.

எண்டோஸ்கோபியில் புண் எதுவும் இல்லை. வயிற்று ஸ்கேனும் சரியாக இருந்தது. புற்றுநோயோ என்று பயந்து, பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியும் செய்தோம். கடைசியில் வாயுத்தொல்லைக்கு மாத்திரைதான் மிச்சம்.

மதுரையில் ஒரு மூத்த குடல்நோய் மருத்துவர்தான் அம்மாவை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்.

"சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வலிக்கிறது, அம்மா?"

"கை கழுவிவிட்டு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், டாக்டர்."

"சாப்பிடாமல் இருந்தால்?"

"ஒரு வலியும் இல்லை. அதனால்தான் சாப்பிடுவதே இல்லை."

அடுத்து, நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று கேட்டார். வயிற்று வலிக்கும் காலுக்கும் என்ன தொடர்பு என்று நான் விழித்தேன். ஆமாம், கடைத்தெருவரை நடந்தாலே நின்று நின்றுதான் போவார். பல வருடமாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம் வேறு. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைத் தொப்புளுக்கு மேலே வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ எழுதிக்கொடுத்தார்.

சாப்பிட்டதும் செரிமானத்துக்காகக் குடல் கூடுதல் ரத்தம் கேட்கிறது. கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குழாய் சுருங்கியிருந்தால் அது கிடைக்காது, அப்போதுதான் வலி. நடக்கும்போது வரும் கெண்டைக்கால் வலிக்கும் இதே போன்ற அடைப்பு காரணமாக இருக்கலாம் என்பதால்தான் காலைப் பற்றிக் கேட்டிருக்கிறார். குடல் பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் மூன்று. மெல்ல மெல்ல ஒன்று அடைபட்டால் மற்றவை பெரும்பாலும் ஈடுகட்டிவிடுமாம். அம்மாவுக்கு இரண்டு சுருங்கியிருந்தன. இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியிலிருந்து குழாய் பிரியும் இடத்திலேயே வெள்ளையாகச் சுண்ணாம்புத் திட்டு இருந்ததைப் படத்தில் கண்ணால் பார்த்தேன். இத்தனை மாதமும் அம்மா சொன்ன வலி அங்கே இருந்தது.

சிடி ஆஞ்சியோவுக்கு முன்பு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்தார்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் இது முக்கியம்.

வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கவில்லை. ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர் தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சுருங்கிய இடத்தைப் பலூனால் விரித்து, அது திறந்தே இருக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழலை வைத்தார். இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்ததால் அம்மா விழித்தபடியே இருந்தார். பிறகு காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்கச் சொன்னதுதான் அவருக்குப் பெரிய சிரமம்.

மறுநாள் ரசம் சாதம் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்தபடியே காத்திருந்தார். வலி வரவில்லை. "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு ஒரு மாத்திரை. ஸ்டென்ட் வைத்த இடம் மறுபடி சுருங்கக்கூடும் என்பதால், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு வெறும் வயிற்றில் போய்வருகிறோம். வீடு திரும்பும்போது மருத்துவர் என்னிடம் அழுத்திச் சொன்னது இது: திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வந்தால், தொட்டுப் பார்க்க வயிறு மெத்தென்று இருந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கிவிடும். அம்மாவின் மருத்துவச் சீட்டையும் சிடி படத்தையும் ஒரே பையில் போட்டு வாசல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.