ரஷ்ய கேபிளின் பெயரைப் படிப்பது எப்படி

கூடங்குளத்தில் கேபிள் வேலைக்குச் சேருகிற டிப்ளமா பையன்கள் போன் பண்ணிக் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, டிரம்முல விவிஜின்னு போட்டிருக்கு. நம்ம பக்கம் அதுக்கு என்ன பேரு?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் எலெக்ட்ரிக்கல் ஆள். டெர்மினேஷனில் (கேபிள் முனையை இணைக்கிற வேலை) ஆரம்பித்து கேபிள் ஷெட்யூல் (எந்த கேபிள் எங்கிருந்து எங்கே போகிறது என்ற பட்டியல்) பார்க்கிற வேலைக்கு வந்தவன். ரஷ்ய மொழியில் பேசச் சொன்னால் வணக்கம், நன்றி, நாளைக்குப் பார்க்கலாம் என்பதோடு நின்றுவிடும். ஆனால் ரஷ்ய கேபிள் பட்டியலைக் கையில் கொடுத்தால் மொழிபெயர்ப்பாளர் வருவதற்குள் பாதிப் பக்கம் படித்துவிடுவேன். கேபிளின் குறுக்குவெட்டு மனதில் நின்றால் யாருக்கும் இது வரும்.

முதலில் எழுத்துக் குழப்பத்தைத் தாண்ட வேண்டும். ரஷ்ய 'வே' பார்வைக்கு ஆங்கில பி மாதிரியே இருக்கும். ரஷ்ய 'எஸ்' ஆங்கில சி மாதிரி, 'என்' ஆங்கில எச் மாதிரி. நான் வேலை பார்த்த ஒரு காண்ட்ராக்டரின் ஸ்டோரில் விவிஜியை "பிபி" என்று ரிஜிஸ்டரில் ஏற்றிவைத்திருந்தார்கள். அடுத்த ஷிப்டில் வந்தவர் விவிஜியைத் தேடிவிட்டு, ஸ்டாக் இல்லை என்று இன்டென்ட் போட்டார். டிரம் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. கண்ணில் பட்ட வடிவத்தை வரையாதீர்கள், உச்சரிப்பை எழுதுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதைத் தாண்டிவிட்டால் பெயர் ஒழுங்காக உள்ளேயிருந்து வெளியே போகும். முதலில் கண்டக்டர் (மின்சாரம் போகிற கம்பி), அடுத்து இன்சுலேஷன் (கம்பியின் மேல் காப்பு), பிறகு ஷீத் (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து மூடும் உறை), பிறகு ஆர்மர் (உலோகக் கவசம்), கடைசியில் மேலே போர்த்தியிருக்கிற உறை. விவிஜி என்றால் பிவிசி இன்சுலேஷன், பிவிசி ஷீத், மேலே கவசம் எதுவும் இல்லை. கண்டக்டர் எங்கே என்று கேட்பீர்கள். காப்பர் என்றால் எழுத்தே போடமாட்டார்கள். அலுமினியமாக இருந்தால்தான் முன்னால் 'ஏ' வந்து ஏவிவிஜி ஆகும். நம் இந்தியத் தரநிலைகளான ஐஎஸ் 1554, ஐஎஸ் 7098 குறியீடுகளும் அப்படியே. ஏ2எக்ஸ்எஃப்ஒய் என்றால் அலுமினியம், எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷன், ஸ்டிரிப் ஆர்மர், பிவிசி ஷீத். அந்த 'ஏ' இல்லையென்றால் காப்பர்.

எனக்கு சூப்பர்வைசராக இருந்த பெரியவர் இளவயதில் நெய்வேலியில் வேலை பார்த்தவர். அங்கே முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டு 1962-ல் ஓட ஆரம்பித்தது. பழைய சோவியத் பெயர்களில் இன்னொரு எழுத்தும் மௌனமாக இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பேப்பர் இன்சுலேஷனுக்கும் எழுத்து கிடையாது. ஏஎஸ்பி என்று பார்த்தால் அலுமினியம், லெட் ஷீத், ஸ்டீல் டேப் ஆர்மர். நடுவில் பேப்பர் இருக்கிறது, பெயரில் இல்லை. "தம்பி, என்ன எழுதியிருக்குன்னு பாக்குறதுக்கு முன்னாடி என்ன எழுதலைன்னு பாரு" என்பார். கேபிள் விஷயத்தில் அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

விவிஜியின் கடைசி எழுத்து 'கோலி' என்ற ரஷ்யச் சொல்லின் முதல் எழுத்து. வெறும் உடம்பு என்று அர்த்தம். அதை அப்படியே பேர் (bare) கேபிள் என்று ஆங்கிலத்தில் எழுதிய ஆவணங்களைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் பேர் கண்டக்டர் என்றால் கம்பத்தில் போகிற, இன்சுலேஷனே இல்லாத கம்பி. ரஷ்யப் பெயர் சொல்வது ஆர்மர் இல்லை என்பதை மட்டும். சரியான சொல் அன்ஆர்மர்ட்.

ஆர்மர் என்ற சொல்லும் முழுசாகப் பொருந்தாது. ஒருநாள் டெர்மினேஷன் டேபிளில் ரஷ்ய நிபுணர் ஒருவர் ஆர்மர் உள்ள விபிஷ்வி கேபிளின் ஒரு முழத் துண்டை வைத்துக்கொண்டு, கத்தியால் வெளி உறையைச் சுற்றி ஒரு கோடு, நீளவாக்கில் ஒரு கோடு போட்டு, தோல் மாதிரி உரித்து எடுத்தார். கீழே இரண்டு ஸ்டீல் டேப். கீழ் டேப் இடைவெளி விட்டுச் சுற்றியிருக்கிறது, அந்த இடைவெளியை மேல் டேப் மூடிக்கொண்டு போகிறது. அதைப் பிரித்து மேஜையில் சுருளாக வைத்தார். பக்கத்தில் நம் ஒய் டபிள்யூ ஒய் கேபிளை உரித்து வைத்தோம். அதில் வரிசையாக ரவுண்ட் ஒயர், கேபிளோடு சாய்வாக நீண்டு ஓடுகிறது. இரண்டுக்கும் ஷெட்யூலில் ஆர்மர்ட் என்றுதான் எழுதியிருந்தது. நம் டபுள் கம்ப்ரஷன் கிளாண்ட் (கேபிள் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் அதைப் பிடிக்கும் பாகம்) ஒயர்களை விரித்துக் கோனுக்கு இடையில் பிடிக்கிற அமைப்பு. டேப்பை அப்படிப் பிடிக்க வராது, அதற்கு வேறு கிளாம்ப் வேண்டும். இழுவையைத் தாங்குவதும் ஒயர்தான், டேப் தாங்காது. அதனால் ஷெட்யூலில் டேப் ஆர்மர், ஒயர் ஆர்மர் என்று பிரித்து எழுதச் சொல்லி அன்றைக்கே கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறேன்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை இரண்டு எழுத்துகளைப் பற்றியது: எஃப்ஆர்.

நம் கடைகளில் எஃப்ஆர் ஒயர், எஃப்ஆர்எல்எஸ் கேபிள் என்று கேட்டு வாங்குகிறோம். ஃபிளேம் ரிடார்டன்ட், அதாவது தீ அதன் வழியே பரவாது. எரிகிற இடத்தில் அந்த கேபிள் கருகி வேலை செய்யாமல் போகலாம், ஆனால் நெருப்பை அடுத்த அறைக்குக் கொண்டுபோகாது. ரஷ்யப் பெயரில் இந்தக் குணத்துக்கு உரிய குறி 'என்ஜி', கூடவே அடைப்புக்குறிக்குள் ஏ, பி, சி என்று ஒரு வகை. புகை குறைவு என்றால் எல்எஸ், ஹாலோஜன் இல்லை என்றால் எச்எஃப். ரஷ்யர்களும் எஃப்ஆர் என்று போடுகிறார்கள், அதுவும் லத்தீன் எழுத்திலேயே. கோஸ்ட் 31565 தரநிலைப்படி அந்த எஃப்ஆர் ஃபயர் ரெசிஸ்டன்ட்: நெருப்புக்குள் இருந்தபடியே குறிப்பிட்ட நேரம் மின்சாரத்தைக் கொண்டுபோக வேண்டும். கண்டக்டர் மேல் மைக்கா டேப் சுற்றியிருப்பார்கள். நாம் அதை எஃப்எஸ், ஃபயர் சர்வைவல் என்போம்.

ஆக, நம் எஃப்ஆர்எல்எஸ்ஸுக்கு இணை ரஷ்யாவின் விவிஜி-என்ஜி(ஏ)-எல்எஸ். ரஷ்யாவின் விவிஜி-என்ஜி(ஏ)-எஃப்ஆர்எல்எஸ் என்பதற்கு இணை நம் ஃபயர் சர்வைவல் கேபிள். எழுத்து ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? எமர்ஜென்சி லைட்டிங், ஃபயர் பம்ப், அலாரம் இவற்றுக்குப் போகிற கேபிள், அவை தேவைப்படுகிற அதே நிமிஷத்தில் உயிரை விடும். விலையிலும் பெரிய வித்தியாசம் இருப்பதால், "அதே எஃப்ஆர்எல்எஸ்தானே சார், நம்ம ஊர்லயே கிடைக்குதே" என்று பர்ச்சேஸில் கேட்பார்கள். மைக்கா டேப் இருக்கிறதா என்று துண்டை வெட்டிப் பாருங்கள். அதுதான் பதில்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1975 மார்ச் 22-ல் அமெரிக்காவின் அலபாமாவில் பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில், சுவரில் கேபிள் நுழையும் இடத்தில் காற்று கசிகிறதா என்று மெழுகுவத்தி வைத்துப் பார்த்தார்கள். அங்கே அடைத்திருந்த ஃபோம் பற்றிக்கொண்டது. 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் பாதிக்கப்பட்டன. நம் நாட்டிலேயே நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31-ல் டர்பைன் பிளேடு உடைந்து தீப்பிடித்து, கேபிள்கள் வழியாகப் பரவி, முதல் யூனிட் சுமார் 17 மணி நேரம் மின்சாரமே இல்லாமல் இருந்தது. இந்த இரண்டையும் படித்த பிறகு கேபிள் பெயரின் வால் எழுத்துகளை யாரும் அலட்சியமாகப் பார்க்க முடியாது.

வகை ஏ என்பதன் அளவும் தெரிந்திருக்கட்டும். கற்றையாகக் கட்டிய கேபிள்களில் மீட்டருக்கு 7 லிட்டர் அளவு எரியக்கூடிய பொருள் இருக்கும்படி ஏணியில் நிறுத்தி, 40 நிமிடம் நெருப்பு வைத்துப் பார்க்கிற சோதனை. வகை பி-க்கு 3.5 லிட்டர், சி-க்கு 1.5 லிட்டர். 'என்ஜி' இல்லாத வெறும் விவிஜி தனியாகப் போட்டால் தீயைப் பரப்பாது. டிரேயில் (கேபிள்களைத் தாங்கும் தட்டு) முப்பது கேபிளோடு கற்றையாகக் கிடந்தால் அந்த உத்தரவாதம் கிடையாது.

அடுத்தது நிறம். ரஷ்ய விதிப்படி பேனல் பஸ்பாரில் (கரன்ட் போகிற உலோகப் பட்டை) ஏ பேஸ் மஞ்சள், பி பேஸ் பச்சை, சி பேஸ் சிவப்பு. நியூட்ரல் நீலம், எர்த் மஞ்சள்-பச்சைப் பட்டை. நமக்குக் காலங்காலமாக சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அவர்களுடைய பச்சையில் சப்ளை இருக்கிறது, நமக்குப் பச்சை என்றால் கை வைக்கத் தோன்றும். நம் நீலத்தில் சப்ளை இருக்கிறது, அவர்களுக்கு அது நியூட்ரல். இந்த ஆபத்து எல்லோருக்கும் உடனே புரியும். இன்னொன்று சட்டென்று பிடிபடாது. மஞ்சளை மஞ்சளோடும் சிவப்பைச் சிவப்போடும் சேர்த்து, மிச்சமுள்ள பச்சையை நம் நீலத்தோடு கோத்துவிட்டால், மோட்டார் சரியான திசையில்தான் சுற்றும். வரிசை மாறாமல் ஒரு படி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ரொட்டேஷன் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். ஆனால் இன்னொரு சோர்ஸோடு பேரலல் பண்ணப் போனால் பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 120 டிகிரி வித்தியாசம், பிரேக்கரை மூடுகிற நொடியில் நேர் ஷார்ட். எனவே நிறத்தை நம்பாதீர்கள், ஏ-பி-சி எழுத்தைப் பார்த்து ஃபேசிங் செக் (இரண்டு பக்கமும் ஒரே பேஸ்தானா என்ற சோதனை) பண்ணுங்கள்.

எண்களில் பெரிய சிக்கல் இல்லை. நம் 3.5 கோர் 240 ஸ்கொயர் (சதுர மி.மீ), அவர்களிடம் 3×240+1×120. தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள்: 2,5 என்றால் இரண்டரை. நம் எலெக்ட்ரீஷியன்கள் இன்னும் 3/20, 7/20 என்று கேட்பது பழைய கேஜ் கணக்கு. 3/20 என்றால் 20 கேஜ் இழை மூன்று, ஏறக்குறைய 2 ஸ்கொயர் எம்எம். அந்தக் கணக்கிலிருந்து நேராக ரஷ்யப் பட்டியலுக்குப் போகிறவர்கள் ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

கம்யூனிகேஷன் கேபிளுக்கு வந்தால் மட்டும் கடைசி எண்ணின் பொருளே மாறிவிடும். பவர் கேபிளில் கடைசி எண் பரப்பளவு. டெலிபோன் கேபிளில் அது கண்டக்டரின் விட்டம். டிபிபி-இபி 10×2×0,4 என்றால் பத்து ஜோடி, ஒவ்வொரு கம்பியும் 0.4 மி.மீ விட்டம். 0.5 மி.மீ விட்டக் கம்பியின் பரப்பு 0.2 ஸ்கொயர்கூட வராது. பெயரின் கடைசியில் இசட் ஒலி வந்தால் உள்ளே ஜெல்லி நிரப்பியது, நாம் ஜெல்லி ஃபில்டு என்று சொல்வதேதான்.

கோஆக்சியலில் (டிவி கேபிள் வகை) ரஷ்ய முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆர்கே 75-4-11 என்றால் 75 ஓம் இம்பிடன்ஸ், இன்சுலேஷன் விட்டம் மி.மீட்டரில் முழு எண்ணாக 4, பிறகு வரும் முதல் 1 சாதாரண வெப்பத்துக்கான திட இன்சுலேஷன், அடுத்த 1 வடிவமைப்பின் வரிசை எண். பெயரிலேயே பாதி டேட்டா ஷீட். ஆர்ஜி-6, ஆர்ஜி-58, ஆர்ஜி-59 என்ற அமெரிக்க எண்களில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. 58 மட்டும் 50 ஓம், மற்ற இரண்டும் 75 என்று மனப்பாடம்தான் பண்ண வேண்டும்.

டெலிபோன், டேட்டா, அலாரம், சிசிடிவி எல்லாவற்றுக்கும் சேர்த்து ரஷ்யர்கள் 'ஸ்லபடோச்கா' என்று ஒரே சொல் வைத்திருக்கிறார்கள். குறைந்த கரன்ட் வேலை. மொழிபெயர்ப்பில் இதை லோ வோல்டேஜ் என்று எழுதுகிறார்கள். லோ வோல்டேஜ் என்றால் நமக்கு 415 வோல்ட்! அந்த ஒரு சொல்லை நம்பி டிரே பிரித்தால் சிக்னல் கேபிள் பவர் டிரேயில் போய்க் கிடக்கும். இஎல்வி (எக்ஸ்ட்ரா லோ வோல்டேஜ்) என்று எழுதினால் குழப்பமே இல்லை.

சைட்டில் அன்றாடம் காதில் விழுகிற சொற்கள் சில: கேபிள் ஷெட்யூலை அவர்கள் 'கபேல்னி ஜுர்னால்' என்பார்கள், ஜர்னல் புத்தகம் எதையும் தேட வேண்டாம். 'பிர்கா' கேபிள் டேக். 'லத்தோக்' டிரே. 'நகனேச்னிக்' லக், அதாவது கம்பி முனையில் மாட்டுகிற உலோகக் காது. 'மூஃப்தா' கேபிளில் ஜாயின்டாகவும் இருக்கும், எண்ட் டெர்மினேஷனாகவும் இருக்கும், முன்னால் வருகிற அடைமொழியைப் பார்க்க வேண்டும். மெக்கானிக்கல் ஆட்கள் அதே சொல்லைக் கப்ளிங்குக்கும் வைத்திருக்கிறார்கள். 'சால்னிக்' கிளாண்ட்: நம் கிளாண்ட் மாதிரியே பம்ப்புக்கும் அதே பெயர், கேபிளுக்கும் அதே பெயர்.

'அப்ரெஸ்ஸோவ்கா' என்ற சொல்லில்தான் வேலைத் திட்டமே தடுமாறும். எலெக்ட்ரிக்கலில் அது லக் கிரிம்பிங், லக்கைக் கம்பியில் அழுத்திப் பிடிக்க வைப்பது. பைப்பிங்கில் அது தண்ணீர் ஏற்றி அழுத்தம் பார்க்கிற ஹைட்ரோ டெஸ்ட். வாராந்திரத் திட்டத்தில் அந்தச் சொல் தனியாக நின்றால், தாளின் மேல்மூலையில் எந்தப் பிரிவு போட்டது என்று பார்த்துவிட்டு ஆளை அனுப்புங்கள்.