ஐந்து வயதும் ஒன்றரை ஷிப்ட்டும்

திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை நான். ஜூன் மாதம் சேரும் பிள்ளைகள் எல்லோருக்கும் வயது ஐந்துதான். ஆனால் சொந்த வீடும் கடையும் உள்ள குடும்பத்துப் பிள்ளை யுகேஜி முடித்துவிட்டு வந்து தன் பெயரை எழுதிக் காட்டுகிறது. பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, வரிசையாகக் கட்டிய வாடகை லைன் வீடுகளில் இருப்பவர்களின் பிள்ளைக்குப் புத்தகத்தை எந்தப் பக்கம் திறப்பது என்பதே புதுசு. பல்பத்தை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடிக்கும். ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டும்.

உடனே "மந்தம்" என்று சொல்லிவிடுகிறவர்கள் எங்கள் தொழிலில் நிறைய. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

ஒரு பிள்ளை. அவள் அம்மா கம்பெனி வேலை போக, தைத்த பனியன்களை வீட்டுக்கும் எடுத்துவந்து நூல் பிசிறு வெட்டுவார். வெட்டிய பனியன்களை எண்ணி அடுக்குவது மகள் வேலை. பன்னிரண்டு ஆனதும் "ஒரு டஜன்" என்று தனியே வைப்பாள், தப்பவே தப்பாது. அதே பிள்ளையிடம் சிலேட்டில் 12 எழுதிக் காட்டி என்ன எண் என்று கேட்டால் விழிப்பாள். கணக்கு அவளிடம் இருக்கிறது. அதை எழுத்தில் காட்டித்தர வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்புறம் வெட்டுத் துணிகளை வகுப்புக்குக் கொண்டுபோய் டஜனிலிருந்தே எண்களைத் தொடங்கினேன். மற்ற பிள்ளைகள் அவளிடம் கேட்டுக் கற்றார்கள்.

இங்கே ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்புவது. பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்கள் ஆர்டர் நேரத்தில் அதற்கு மேலும் நிற்பார்கள். மதுரைப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா சொன்னார்: "நாங்க வீடு வந்து சேர்றப்ப பிள்ளை தூங்கிருது டீச்சர். கதை சொல்ற ஆத்தா ஊர்ல இருக்கு." பேச்சுக்குப் பதில் பேச்சு கேட்டு வளர்ந்த பிள்ளைதான் வகுப்பிலும் வாய் திறக்கிறது. அப்படிப் பேச ஓய்வாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவராவது வேண்டும். குறைந்த கூலி முதலில் பறிப்பது அந்த ஓய்வைத்தான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, முதல் பாடவேளையிலேயே "வயிறு வலிக்குது டீச்சர்" என்று சுருண்டு படுப்பது எங்கள் வகுப்பில் வெகுவாகக் குறைந்துவிட்டது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் கதையும் படஅட்டையுமாகப் பாடம் நடப்பதால், பேசாத பிள்ளையும் ஆட்டத்துக்காவது எழுந்து வருகிறது. ஆனால் 2019இல் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில். எங்களுடையது தொடக்கப் பள்ளி, அதனால் எங்களுக்கு அது வரவில்லை. தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் சட்டப்படி உண்டு. அதற்கு இருப்பிடச் சான்று, வருமானச் சான்று எல்லாம் வேண்டும். வருஷத்துக்கொரு லைன் வீடு மாறுகிறவர்கள் எங்கே போவார்கள்?

பெற்றோரைப் பார்ப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய மறுநாள் கொஞ்சம் நிதானமாக இருப்பார்கள். புத்தகம் வாங்கச் சொல்வதில்லை. பிசிறு வெட்டும்போது பிள்ளையிடம் கேள்வி கேளுங்கள், அது சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள் என்கிறேன். சிலர் செய்கிறார்கள். செய்ய முடியாதவர்களை நான் குறை சொல்வதில்லை.

ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948இலேயே தொழிற்சாலைகள் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அங்கன்வாடியோ ஷிப்ட் முடிவதற்கு வெகு முன்பே மூடிவிடுகிறது. இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் ஒரு மையம், அதில் பிள்ளைகளோடு பேசுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஓர் ஆள். அதிகாரிகள் பள்ளிக்கு வரும்போதெல்லாம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை வந்தாலும் கேட்பேன்.