சுட்டிப் பாடத்தில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

சுட்டியை 2² என்று தொடங்கினால் அந்த வகுப்பு பிறகு பாடுபடும். இரண்டை இரண்டால் பெருக்கினாலும் 4, இரண்டோடு இரண்டைக் கூட்டினாலும் 4. பிழையாக விளங்கிக்கொண்ட பிள்ளைக்கும் விடை சரியாக வந்துவிடும். கொப்பியில் சரி விழும். அடுத்த கிழமை அதே பிள்ளை 5³ க்கு 15 என்று எழுதும். ஆகவே முதல் உதாரணமே 5³ ஆக இருக்கட்டும்: 5 × 5 × 5, 125. எழுதும்போது சுட்டியை நன்றாக மேலே தூக்கி, வேறு நிற வெண்கட்டியால் எழுதுவது நல்லது. பின்வாங்கில் இருந்து பார்த்தால் 5³ உம் 53 உம் ஒன்றுதான்.

அடுத்த தடுக்கல் 2⁰. ‘எதற்கும் பூச்சியச் சுட்டி 1’ என்று சொல்லிக்கொடுத்தால் பரீட்சை வரைக்கும் நிற்கும், அதற்குமேல் நிற்காது. படியாக இறக்கிக் காட்ட வேண்டும். 2⁴ = 16, 2³ = 8, 2² = 4, 2¹ = 2. சுட்டி ஒன்று குறைய, விடையை 2 ஆல் வகுக்கிறோம். அடுத்தது 1 என்று பிள்ளைகளே சொல்வார்கள். அதோடு நிறுத்தாமல் 1/2, 1/4, 1/8 என்று இறங்கினால் மறைச் சுட்டியும் அங்கேயே முடிந்துவிடும். 2⁻³ க்கு −8 எழுதும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை 0⁰ பற்றிக் கேட்கும். பூச்சியத்தால் வகுக்க ஏலாது, ஆகவே அந்தப் படியில் இறங்க வழியில்லை என்று காட்டினால் போதும்.

2³ × 2⁴ = 2⁷ என்பதற்கான ‘சுட்டிகளைக் கூட்டு’ என்ற விதி மட்டும் காதில் நின்றுவிட்டால் 2³ + 2⁴ உம் 2⁷ ஆகிவிடும். விரித்துப் பார்த்தால் 8 + 16 = 24; 2⁷ ஓ 128. விதியைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும் என்பது இதற்காகத்தான். அடைப்பும் கவனம்: (−3)² = 9, ஆனால் −3² = −9. எக்செலில் அடைப்பில்லாமல் அடித்தால் 9 காட்டும். அது அந்த மென்பொருளின் வழக்கம், அதைக் கொப்பிக்குக் கொண்டுவரக் கூடாது.

வன்னியில் குளத்துத் தண்ணீரை ஏக்கர் அடியில்தான் பேசுவார்கள். ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர். அது ஏறத்தாழ 1.233 × 10³ கனமீற்றர். ஒரு கனமீற்றருக்கு 10³ லீற்றர் என்பதால் 1.233 × 10⁶ லீற்றர். இந்த இடத்தில் 10⁹ என்று எழுதுகிறவர்கள் சுட்டிகளைப் பெருக்கிவிட்டவர்கள். 100⁶ என்று எழுதுகிறவர்கள் சுட்டிக்குக் கீழே நிற்கிற 10 களையும் பெருக்கிவிட்டவர்கள். இரண்டும் வேறு வேறு நோய், ஒரே திருத்தம் சரிவராது.

கூட்டுவட்டிக்கு வந்தால் பிள்ளைகளைவிடப் பெற்றோர் உசாராகக் கேட்பார்கள். காலபோகத்துக்கு உரம் வாங்க மாதம் 3% வட்டிக்கு ஒரு லட்சம் எடுத்து, ஒன்றும் கட்டாமல், வட்டிக்கும் வட்டி ஏறவிட்டால் வருடக் கடைசியில் 1,36,000 என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் 1.03 இன் 12 ஆம் வலுவால், அதாவது 1.03¹² ஆல், பெருக்க வேண்டும். பன்னிரண்டு தரம் எழுதத் தேவையில்லை. 1.03 இன் வர்க்கம் 1.0609, அதன் வர்க்கம், அதாவது நாலாம் வலு, 1.12551, அதன் வர்க்கம், எட்டாம் வலு, 1.26677. எட்டும் நாலும் பன்னிரண்டு, ஆகவே கடைசி இரண்டையும் பெருக்க 1.42576. கடன் ஏறத்தாழ 1,42,576 ரூபா.

மலிவான கணிப்பானில் வலு விசை இருக்காது. பெரும்பாலானவற்றில் 1.03, பெருக்கல், சமன் என்று அழுத்தினால் வர்க்கம் வரும். பிறகு ஒவ்வொரு சமனுக்கும் ஒரு வலு கூடும். ஆகவே 12 ஆம் வலுவுக்குச் சமனை 11 தரம்தான் அழுத்த வேண்டும். 12 தரம் அழுத்தினால் ஒரு மாத வட்டி கூடிவிடும். இரண்டு வருடக் கணக்குக்கோ 1.42576 ஐ ஒருமுறை வர்க்கித்தால் சரி: 2.0328, எடுத்த கடன் இரட்டிப்புக்கு மேல்.