ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் கிளட்ச் மாற்றிய நாட்குறிப்பு

2 ஜூன் 2024, ஞாயிறு

சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், இன்ஜினின் சுற்று மட்டும் ஏறுகிறதே தவிர வண்டியின் வேகம் கூடுவதில்லை. பெடலைக் கிட்டத்தட்ட முழுவதும் விட்ட பிறகுதான், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் பிடிக்கிறது. மலேசியாவுக்குச் செல்லும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்து வரிசையில் பாதிக் கிளட்சில் ஊர்ந்து பழகிய வண்டி என்பதால், கிளட்சின் உராய்வுத் தட்டான பிளேட் தேய்ந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் அண்மையில் பெய்த மழைக்குப் பிறகு வண்டிக்கடியில் தெரிந்த எண்ணெய்க் கறைதான் என்னை உறுத்துகிறது. தேய்மானம் மட்டுமே காரணமென்றால் அந்தக் கறைக்கு அங்கே வேலையில்லை.

கடற்பாலத்துக்கு அப்பால் ஜோகூர் பாருவில் கூலி குறைவு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நழுவும் கிளட்சோடு, எல்லை தாண்டும் சிங்கப்பூர் வண்டிகளுக்கான விதிப்படி முக்கால் டாங்க் பெட்ரோலையும் சுமந்துகொண்டு, அதே வரிசையில் போய் நிற்க எனக்கு மனமில்லை.

8 ஜூன், சனி

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட விதிகள் இடம்தருவதில்லை. சிலேத்தாரில் தரைவீட்டில் இருக்கும் அத்தான் தம் வீட்டு முன்முற்றத்தைத் தருவதாகச் சொல்லிவிட்டார். பல ஆண்டுகள் லாரிகளைப் பராமரித்தவர் அவர்.

ஜாலான் புசார் பக்கம் உதிரிபாகக் கடைக்குப் போய், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட்டையும் கியர் எண்ணெயையும் வாங்கினேன். கடையிலிருந்தே அத்தானை அழைத்தபோது, "மச்சான், கியர்பாக்ஸை ஒரு தரம்தான் இறக்கணும். கிராங்க் ஷாஃப்ட் பின்பக்க சீலையும் கையோட வாங்கிடு" என்றார். இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்தான் அந்தச் சீல். அதன் விலை செட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பிறகு அதற்காக மட்டும் கியர்பாக்ஸை மறுபடி இறக்க நேர்ந்தால் ஆகும் உழைப்போ இப்போது ஆவதற்குச் சற்றும் குறையாது. கிளட்ச் அழுந்திப் பிடிக்கும் கனமான சக்கரமான ஃபிளைவீலின் போல்ட்டுகளையும் புதிதாகவே வாங்கிக்கொண்டேன்.

15 ஜூன், சனி

பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே டிரைவ் ஷாஃப்ட் நட்டுகளைத் தளர்த்தி, பிறகு வண்டியை உயர்த்தி, ஜாக் ஸ்டாண்டுகளின் மீது இறக்கி உட்காரவைத்தோம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையை நீட்டுவதைக்கூட அத்தான் அனுமதிப்பதில்லை. கியர் எண்ணெயை வடித்து, டிரைவ் ஷாஃப்ட்டுகளையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கழற்றினோம். பெடலின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே கிளட்சுக்குக் கடத்தும் ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோடு சேர்த்தே அவிழ்த்து ஓரமாகக் கட்டிவைத்தோம். குழாயைப் பிரிக்காததால், பிறகு அதற்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை இல்லை. அந்த நிலையில் யாராவது பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும் என்பதால், ஸ்டியரிங்கில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டேன். மகன் ஆட்டோ கியர் வண்டிகளுக்கான 3ஏ உரிமம் எடுத்தவன், கிளட்ச் பெடலோடு அவனுக்கு உறவே இல்லை. ஆனால் அக்காவின் பேரன் காருக்குள் ஏறி விளையாடுகிறவன்.

இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முட்டுக்கொடுத்த பிறகே மவுண்ட்டைக் கழற்றினோம். 30 கிலோவுக்கு மேல் இருக்கும் கியர்பாக்ஸ், கடைசி போல்ட் வந்ததும் ஜாக்கின் மேல் மெதுவாகச் சாய்ந்தது.

16 ஜூன், ஞாயிறு

கறைக்கான காரணம் இன்று தெரிந்தது. கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் உட்புறம் முழுவதும் கறுப்புப் பசையாக எண்ணெயும் தூசியும் கலந்து அப்பியிருந்தன. இந்த இடத்துக்கு இரண்டு வழியாக எண்ணெய் வரலாம்: கியர்பாக்ஸிலிருந்து கிளட்சுக்குள் நீளும் இன்புட் ஷாஃப்ட்டின் சீல் வழியாக வந்தால் கியர் எண்ணெய்க்கே உரிய கந்தக நெடி அடிக்கும், கிராங்க் ஷாஃப்ட் சீல் வழியாக வந்தால் அது இன்ஜின் எண்ணெய். விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக நெடி இல்லை. ஃபிளைவீலைக் கழற்றியதும் சீலின் அடிப்பகுதியிலிருந்து கீழ்நோக்கி ஈரமான ஒரு கோடு இறங்கியிருந்தது. இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றிலும் காய்ந்த தூசியைத் தவிர வேறொன்றும் இல்லை.

பழைய பிளேட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெறுமனே தேய்ந்த பிளேட் மங்கலாக இருக்கும். இதுவோ கல்லடுப்புத் தோசைக்கல்லைப் போல மினுமினுத்தது. ஃபிளைவீல் பக்கத்து ரிவெட்டுகளின் தலைக்கு மேல் எஞ்சிய தடிமன் 0.3 மில்லிமீட்டர்கூட இல்லை. எண்ணெய் பட்டதால் நழுவி, நழுவியதால் சூடேறி, சூடேறியதால் வேகமாகத் தேய்ந்திருக்கிறது. பிளேட்டை மட்டும் மாற்றி மூடியிருந்தால் புதியதும் இதே கதிக்குத்தான் ஆளாகியிருக்கும். பட்டறைகளில் இந்தச் சீலைத் தொடாமல் விடுவது சிக்கனமாகவே சொல்லப்படுகிறது. எனக்கு அது சிக்கனமாகத் தெரியவில்லை.

தூசியைக் காற்றடித்து ஊதவில்லை. பழைய கிளட்ச் தூசியில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனரால் நனைத்தே துடைத்தோம். ஃபிளைவீலில் அங்கங்கே நீலத் திட்டுகள் இருந்தன, விரிசல் இல்லை. நேர்விளிம்பு வைத்துப் பார்த்ததில் வளைவும் இல்லை. உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் லேசாகத் தேய்த்தோம்.

சீலைப் பெயர்க்கும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழாமல் இருக்க ஸ்குரூடிரைவரின் முனையில் துணி சுற்றிக்கொண்டேன். நகத்தால் வருடியபோது பழைய சீலின் உதடு பதித்த மெல்லிய வரியை உணர முடிந்தது. எனவே புதிய சீலை, உதட்டில் எண்ணெய் தடவி, அந்த வரியின் மேல் படாதவாறு முன்னதைவிட ஒரு மயிரிழை தள்ளி நேராக அமர்த்தினோம்.

17 ஜூன், திங்கள், ஹஜ்ஜுப் பெருநாள்

ஃபிளைவீல் போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, எதிரெதிராக மாற்றி மாற்றி டார்க் ரெஞ்சால் முறுக்கினோம். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலை நோக்க வேண்டும் என்பது அதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பிளேட்டைச் சரியான நடுவில் நிறுத்தும் நடுமையக் கருவியைச் செருகி, பிரஷர் பிளேட்டைச் சிறிது சிறிதாக இறுக்கினோம். இன்புட் ஷாஃப்ட்டின் பல்வரிகளான ஸ்பிளைனில் கிரீஸ் பூச்சு மெல்லியதாகவே இருக்க வேண்டும், மிஞ்சினால் அது சுழன்று பிளேட்டிலேயே தெறிக்கும்.

கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றுவதுதான் பொறுமையைச் சோதித்தது. ஷாஃப்ட் பாதி நுழைந்த நிலையில் எடை முழுவதையும் அதன்மேல் தொங்கவிட்டால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். இடைவெளியைப் போல்ட்டுகளால் இழுத்து மூடினால் ஹவுசிங் உடையலாம். அத்தான் கிராங்க் புல்லியை ஸ்பானரால் மெல்லத் திருப்ப, பற்கள் பொருந்திக் கியர்பாக்ஸ் தானாகவே உள்ளே சென்றது. மாலையில் மழை தொடங்குவதற்குள் கியர் எண்ணெயை அளவுத் துளையில் வழியும் வரை ஊற்றி மூடிவிட்டோம்.

23 ஜூன், ஞாயிறு

பெடல் பிடிக்கும் இடம் இப்போது நடுவில் இருக்கிறது. நான்காவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும் சோதனையை இன்னும் செய்யவில்லை. புதிய பிளேட் படிவதற்கு முதல் 500 கிலோமீட்டர் நகர ஓட்டமே நல்லது. பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் வெள்ளைத் துணி வைத்துத் துடைத்துப் பார்த்தேன், எண்ணெய் இல்லை. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற முடியாது, இந்த ஊரின் வடிகால்கள் பலவும் நீர்த்தேக்கங்களுக்கே போகின்றன. அதைக் கலனில் அடைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன்.